கிறுக்கலுக்கு மூன்று நிபந்தனைகள்

ஜன்னல் ஓரம் உங்கள் இடமா? தாராளமாக வாருங்கள். சார்ஜ் போடுகிற வசதி இந்தப் பக்கம்தான் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். ஒயர் மட்டும் உங்கள் மடி மேல் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சென்னை போய்ச் சேரும்வரை இந்த ஃபோன் உயிரோடு இருக்க வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து விழுப்புரம்வரை பேச ஆளில்லாமல் வந்திருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருந்தவர் வழியெல்லாம் தூங்கினார். நான் பேச ஆரம்பித்த பிறகுதான் தூங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் செயற்கை நுண்ணறிவில் இருக்கிறேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. எழுபத்தொரு வயது, கையில் கட்டைப்பை, காலில் வாதத்துக்குப் போடுகிற செருப்பு. என் மருமகனும் இப்படித்தான் சிரித்தார். அப்புறம் அவர் அலுவலகத்தில் யாரோ என் பெயரைச் சொன்னார்களாம், "அத்தை, நீங்கதானா அந்தப் பத்மாசனி?" என்று ஃபோன் செய்தார். நான்தான் அந்தப் பத்மாசனி. முப்பத்து மூன்று வருஷம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திய பத்மாசனி. மூன்று வருஷமாக ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று தெரியும்தானே? ஒரு கூட்டமே சேர்ந்து, அவரவர் வீட்டிலிருந்தபடி, கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கும். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. செய்து முடித்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு உயர்வாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வேலை இதுதான். கையால் எழுதிய தமிழை ஃபோன் படம் பிடித்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கடிதம், கடைச் சீட்டு, பால்காரர் குறித்துவைத்த துண்டுக் காகிதம், எதுவானாலும். அச்சடித்ததை எல்லா ஃபோனும் படிக்கிறது. கையெழுத்து என்றால் மட்டும் முழிக்கிறது.

ஆரம்பித்தது ஜெனிற்றா. நாகர்கோவில் பெண், வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே அவள் காதில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே நிரல் எழுதுவாள். கண்ணிருக்கிறவர்கள் எழுதுவதைவிட ஒழுங்காக எழுதுவாள். இதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை. நான் நியாயமானவள்.

அவளுக்கு இது எதற்கு என்று முதல் நாளே கேட்டேன். சொன்னாள்: "அம்மா மூணாங்கிளாஸ்தான் மேடம். ஹாஸ்டலுக்கு வாராவாரம் லெட்டர் போடுவா. வார்டன்தான் வாசிச்சுச் சொல்லும். எல்லா லெட்டருலயும் 'நல்லாட்டு படி, ஜெபம் பண்ணு'ன்னு ரெண்டே வரி. ஒரு நாளு அந்தப் பேப்பரத் தடவிப் பாத்தேன். அம்மா பேனாவ அழுத்தி எழுதுவா. நாலு பக்கமும் நெறஞ்சு கெடக்கு."

அம்மா இப்போது இல்லை. கடிதங்கள் இருக்கின்றன, நூற்றுப் பதினேழு.

"கொண்டு வாம்மா, ஒரே நாளில் படித்துச் சொல்கிறேன்" என்றேன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் படிக்க முடியாத கையெழுத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. முப்பத்து மூன்று வருஷம் விடைத்தாள் திருத்தியவள். பேனா மை தீர்ந்து வெறும் கீறலாக எழுதிய ஒளிச்சேர்க்கையைக்கூடப் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

"வேண்டாம் மேடம். இன்னொருத்தரு வாயால கேட்டது போதும்" என்றாள்.

எனக்கு வருத்தமில்லை. யாராவது உதவி செய்ய வந்தால் அப்படித்தானே முகத்தில் அடித்தாற்போல் சொல்வார்கள்! வருத்தமே இல்லை.

இந்த மாதிரி இயந்திரத்துக்குப் பக்கங்கள் வேண்டும். ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் அதில் என்ன இருக்கிறது என்று தட்டச்சு செய்த பிரதி. இரண்டையும் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். ஜெனிற்றாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்க்காரர்கள். அவர்கள் அனுப்பியது ஆறாயிரம் பக்கம். நான் சேர்த்தது இருபத்திரண்டாயிரம். சமையல் நோட்டு, மளிகைப் பட்டியல், கணவன் துபாயில் இருந்தபோது எழுதிய கடிதம். அறிவொளி வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்ட பெண்களின் நோட்டுகள் மட்டும் நாலாயிரம் பக்கம். வெயிலில் வீடு வீடாகப் போனேன். "டீச்சரம்மா, வேற யாரு கையிலயும் குடுத்துராதீங்க" என்று சொல்லித் தந்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கங்களைப் பூட்டி வைத்தோம். நிரல் எல்லாம் ஊருக்குத் திறந்தது. பக்கங்களுக்கு மட்டும் பூட்டு. பூட்டு யார் கையில்? ஒருங்கிணைப்பாளர் கையில். இதை மறந்துவிடாதீர்கள், இந்தப் பயணமே அதற்காகத்தான்.

ஒருங்கிணைப்பது என்றால் லேசா? நான் வரும்போது என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமில்லை. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை. வருவார்கள், வேலையைச் செய்வார்கள், போய்விடுவார்கள். ஒரு "வணக்கம்" கிடையாது. நான் வந்துதான் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் கூட்டம் என்று வைத்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை. நாற்பது பேர் வருவார்கள். என்ன நிறைவு! ஜெனிற்றாவுக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன். நன்றியுரைக்குப் பிறகு. அந்த நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பெயர் வைக்க நாலு மாதம் ஆனது. ஜெனிற்றா 'கிறுக்கல்' என்று சொன்னாள். உலகத்துக்கு முன்னால் நம் மொழியைக் கிறுக்கல் என்பதா? வாக்கெடுப்பு வைத்தேன். 'தமிழ்க் கையெழுத்து நுண்ணறிவுப் பேரியக்கம்' ஜெயித்தது. ஃபோன் திரையில் பாதிப் பெயர்தான் தெரியும் என்றார்கள். தெரிகிற பாதியே கம்பீரமாக இருக்கிறது என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்தப் பெயர்ப் பட்டியல் வரும்வரை.

இந்த மாதிரித் திட்டங்களில், பங்களித்தவர்களின் பெயரை அந்த இணையதளமே ஒரு பட்டியலாகப் போடும். யார் எத்தனை முறை மாற்றம் செய்து அனுப்பினார்களோ அந்த எண்ணிக்கைப்படி. ஒரு நாள் தாம்பரத்திலிருந்து அருணகிரி கூப்பிட்டார். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நன்றியுரைக் குழுத் தலைவர்.

"மேடம், பட்டியல் பாத்தீங்களா? ஜெனிற்றா முதல்ல இருக்கு. நீங்க முப்பத்தெட்டாவது. உங்களுக்கும் கீழ நான். அழைப்பிதழ்ல தலைமை தாங்குறவங்க பேர எங்கயாவது அச்சகத்துக்காரன் பேருக்குக் கீழ போடுவாங்களா?"

எனக்கு அதிலெல்லாம் ஆசை இல்லை. ஆனால் ஒரு அமைப்புக்கு ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே! எங்கள் விளக்கக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். காற்புள்ளி இல்லை. சேர்த்தேன். ஒன்று. அடுத்த வரியிலும் இல்லை. சேர்த்தேன். இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாற்றமாக அனுப்பலாம்தான். ஆனால் நான் நிதானமான ஆள், ஒவ்வொன்றாகத்தான் செய்வேன். இரண்டே வாரத்தில் மூன்றாவது இடம்.

அருணகிரியை நான் அப்படி நினைக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? நான் வைத்த காற்புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்! எடுத்தாலும் ஒரு மாற்றம்தானே! காலையில் நான் வைப்பேன், மத்தியானம் அவர் எடுப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருவர் 'நன்றி' என்பதை 'மிக்க நன்றி' ஆக்குவார், இன்னொருவர் மறுபடி 'நன்றி' ஆக்குவார். எல்லாரும் எவ்வளவு ஊக்கமாக உழைத்தார்கள் தெரியுமா? அந்த மாதம் எங்கள் திட்டம்தான் தமிழில் மிகச் சுறுசுறுப்பான திட்டம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒழுங்கு வேண்டுமே. விதி கொண்டுவந்தேன்: எந்த மாற்றமானாலும் இரண்டு நிர்வாகிகள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே போகும். வந்த வரிசைப்படி. யாருக்கும் சலுகை இல்லை. அந்த இரண்டு நிர்வாகிகள் யார் என்று கேட்கிறீர்களா? நானும் அருணகிரியும். நாங்கள் இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்வதில்லை என்பது தனிப்பட்ட விஷயம்.

அப்போதுதான் ஜெனிற்றா ஒரு மாற்றம் அனுப்பினாள். எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. அதுவரை எங்கள் இயந்திரம் பத்து வார்த்தையில் நான்கைத்தான் சரியாகப் படிக்கும். இந்த மாற்றம் உள்ளே போனால் எட்டைப் படிக்கும். எட்டு மாத வேலை, ஒரே மாற்றம். பட்டியலில் அதற்கு எண்ணிக்கை ஒன்று. பாவம், அவளுக்குப் பிழைக்கத் தெரியவில்லை.

வரிசையில் நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம். பதினோராவது வாரம் கூப்பிட்டாள்.

"மேடம், வரிசையில எனக்கு முன்னால எத்தன நிக்கி?"

பார்த்துச் சொன்னேன். "தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும்மா."

"அதுல எத்தன கமா?"

"எல்லாமே முக்கியம்தான் ஜெனிற்றா. கமா மொழி இல்லையா?"

சொன்னாள்: "அம்மா எழுத்துல கமாவே இருக்காது மேடம். எனக்கு அதக் கேட்டா போதும்."

"உனக்கு மட்டும் வரிசையை உடைத்தால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் "வச்சிருதேன் மேடம்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை எல்லாருக்கும் இரண்டு வரி வந்தது. நம் ஊரில் ஒரு இயக்கம் உடைந்தால் போஸ்டர் வரும், கொடும்பாவி எரியும், குறைந்தது நாலு பேராவது தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் எழுதியது இவ்வளவுதான்: "திட்டத்தைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் தொடர்கிறேன், பெயர் கிறுக்கல். வேலை செய்ய விருப்பமுள்ளவர்கள் வரலாம்."

எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம். 'யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துத் தொடரலாம்' என்று உரிமத்தில் முதல் வரியாக இருக்கிறது. தொடக்க விழாவில் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்ததே நான்தான், கைதட்டல்கூட வாங்கினேன். அதற்காக? 'உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க' என்று விருந்தாளியிடம் சொல்கிறோம். உடனே பீரோவைத் திறந்துவிடுவார்களா?

அறுபத்து நாலு பேரில் அறுபது பேர் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் நானும் அருணகிரியும், இறந்துபோன ஒருவரும், கடவுச்சொல்லை மறந்த ஒருவரும். அப்புறம் அருணகிரியும் போனார். போய், 'அங்கே விதி எல்லாம் இல்ல மேடம், நிம்மதியா இருக்கு' என்று செய்தி அனுப்பினார். விதியே இல்லாத இடத்தில் மனிதர் என்னதான் செய்வாரோ! பக்கங்களை வாசித்துத் தட்டச்சு செய்கிறாராம். ஒரு நாளைக்கு முப்பது பக்கம்.

இப்போது பட்டியலில் முதலிடத்தில் நான் இருக்கிறேன். ஆயிரத்து நானூற்றுப் பதினாறு. பக்கத்தில் யாரும் இல்லை.

போன வாரம் ஜெனிற்றா கூப்பிட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு.

"சுகமா மேடம்? முழங்காலு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாள். விஷயத்துக்கு வா என்றேன். வந்தாள்: "எங்ககிட்ட இருக்கது ஐ.டி. பயலுவ எழுதுன ஆறாயிரம் பக்கம்தான். கீபோர்டு தட்டுன கை, எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. அம்மா லெட்டர் வச்சா 'சுகம்'னு மட்டும் வாசிக்கி, மீதி எல்லாம் முனங்கலாட்டு வருது. அம்மா மாதிரி எழுதுனவங்க பக்கம் எல்லாம் உங்க பூட்டுக்குள்ளதான் இருக்கு மேடம். சனிக்கிழமை நாலு மணிக்குச் சென்னையில எல்லாரும் கூடுதோம். நீங்க வரணும். வந்து தொறந்து தருவீங்களா?"

ஒரு பொத்தான்தான். இதோ, ஃபோனிலேயே இருக்கிறது. 'அனுமதிக்கிறேன்' என்று போட்டிருக்கிறது பாருங்கள். அழுத்தினால் இருபத்திரண்டாயிரம் பக்கமும் அவர்களுக்குத் திறந்துவிடும். தந்த பெண்களுக்கும் ஆட்சேபணை இல்லை, போன வாரமே ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டேன். "அந்தக் கண்ணு தெரியாத புள்ளைக்கா? குடுங்க டீச்சரம்மா" என்று எல்லாரும் ஒரே பாட்டு. என்னிடம் நாலு வார்த்தை ஆறுதலாகக் கேட்பார்கள் என்று பார்த்தால்!

ஆனால் அழுத்திவிட்டால் என்னிடம் அப்புறம் என்ன இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். பூட்டு இருக்கிறவரை ஒருங்கிணைப்பாளர். திறந்துவிட்டால் முழங்கால் வலி உள்ள ஒரு அம்மாள்.

அதனால் சும்மா தரப்போவதில்லை. நிபந்தனைகள் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று பூராவும் எழுதினேன், இந்தப் பையில்தான் இருக்கிறது. கையால் எழுதியதுதான். அதைப் படிப்பதற்காவது அவளுக்கு என் தயவு வேண்டும் என்று...

என்ன கேட்டீர்கள்? அந்தக் கிறுக்கல் இதைப் படிக்குமா என்றா? படிக்காது. என் ஃபோனில் இருக்கிறது அது. பிழை கண்டுபிடிக்கத்தான் போட்டு வைத்தேன், வேறு ஆசையில்லை. நீங்கள் விடமாட்டீர்கள் போலிருக்கிறதே. சரி, கடிதத்தை இப்படி விரித்துப் பிடியுங்கள். சுருக்கம் இல்லாமல். முனகப் போகிறது, பாருங்கள்.

"ஜெனிற்றாவுக்கு. பூட்டைத் திறப்பதற்கு என் நிபந்தனைகள். ஒன்று. பெயர்ப் பட்டியலில் என் பெயர் முதலில் வர வேண்டும். இரண்டு. கிறுக்கல் என்ற பெயரை மாற்ற வேண்டும். மூன்று. கூட்டங்களில் வரவேற்புரை மீண்டும் இருக்க வேண்டும்."

பரவாயில்லையே. பரவாயில்லை. என் எழுத்து தெளிவு, அதனால்.

"நான்கு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இப்போது என்னைத் தேட யாரும் இல்லை. எல்லாருக்கும் எழுதினாய். என்னை ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டிருந்தால் நானும் வந்திருப்பேனே அம்மா."

நிறுத்துங்கள். அதை நிறுத்துங்கள். எங்கே தொட வேண்டும்? இவ்வளவு சத்தமாகவா வைத்திருந்தேன்!

அது நிபந்தனை இல்லை. அடித்த வரி. பாருங்கள், காகிதத்தைப் பாருங்கள், இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேனா இல்லையா? அடித்ததைப் படிக்கக் கூடாது என்றுகூட இதற்குத் தெரியவில்லை. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம், இதற்குத்தான் அறுபது பேர். விடைத்தாளில் அடித்த பதிலைத் திருத்தக் கூடாது. அது விதி. முப்பத்து மூன்று வருஷம் அந்த விதியை மீறாதவள் நான்.

படிக்காமலும் இருந்ததில்லை. முதலில் படிப்பது அதைத்தான். எந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருந்தது, எந்த இடத்தில் பயந்தாள் என்று அதில்தான் இருக்கும்.

இல்லை, நான் ஒன்றும் அழவில்லை. ஏசி நேராக முகத்தில் அடிக்கிறது. நான் யோசிக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர்ப் பையன்கள் ஆறாயிரம் பக்கத்தில் ஒரு வரியாவது அடித்து எழுதியிருப்பார்களா? மாட்டார்கள். நகல் எடுத்து அழகாக அனுப்பியிருப்பார்கள். இது எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? என் அறிவொளிப் பெண்களின் நோட்டைப் பார்த்தால் தெரியும். பத்து வார்த்தைக்கு நாலு அடித்தல். அப்படியானால் அந்த மூன்றாங்கிளாஸ் அம்மா, நூற்றுப் பதினேழு கடிதத்தில், வார்டன் கண்ணில் படுமே என்று எவ்வளவு எழுதி எவ்வளவு அடித்திருப்பாள்! இது அதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பி அந்தப் பெண் காதில் ஊற்றுமா? கூடாது. 'இது அடித்தது' என்று தனியாகச் சொல்லிப் படிக்க வேண்டும். விட்டுவிடவும் கூடாது. அடித்ததை விட்டுவிட்டால் அந்த வார்டனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதற்கு என் பக்கங்கள் வேண்டும். வேறு வழியில்லை.

நான் விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். இது தரக் கட்டுப்பாடு. ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன், சரிசெய்யத் தேவையானதைத் தருகிறேன். நிபந்தனைகளை நாலு மணிக்கு நேரில் பேசிக்கொள்ளலாம். வரவேற்புரையை மட்டுமாவது விடப்போவதில்லை. கடிதத்தைக் கொடுங்கள், மடித்து உள்ளே வைக்கிறேன். இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஃபோனை இப்படிப் பிடியுங்கள். 'அனுமதிக்கிறேன்', அதுதானே? பக்கத்தில் 'ரத்து' இருக்கிறது, அதில் விரல் போய்விடக் கூடாது. கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்களேன்.

அழுத்திவிட்டேன். முதல் தடவை விரல் விலகிப் போனது என் தப்பில்லை. ரயில் இப்படி ஆடினால் யார்தான் நேராக அழுத்த முடியும்?

என்னது? செங்கல்பட்டா? எப்போது நின்றது?